ஒரே பயணம், எத்தனை டிக்கெட்? – வாசகர் கேள்வி பதில்

வெளிநாட்டு விமான டிக்கெட்டைக் குறைந்த விலையில் வாங்குவது பற்றி எழுதிக் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களைப் படித்தபோது ஒன்று புரிந்தது. விலை குறைவாகக் கிடைக்கவில்லையே என்று எழுதியவர்களைவிட, குறைவாகக் கிடைத்து அப்புறம் நடுவழியில் சிக்கிக்கொண்டவர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். அதனால் டிக்கெட்டைத் தேடுவதோடு நிறுத்தாமல், வாங்கிய டிக்கெட் கடைசி வரை கூட வருமா என்பதையும் சேர்த்தே பேசுகிறேன். ஒத்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: ஒரே ஊருக்கு மூன்று நாளாகத் தேடுகிறேன். பார்க்கப் பார்க்க விலை ஏறுகிறது. நான் தேடுவதைத் தெரிந்துகொண்டுதான் ஏற்றுகிறார்களா? பிரவுசரில் ரகசிய விண்டோ திறந்து தேடினால் குறையுமா? – கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: விலை ஏறுவது நிஜம் தம்பி, ஆனால் அது நீங்கள் தேடியதால் ஏறவில்லை. விமானத்தின் எகானமி பகுதி பார்வைக்கு ஒரே மாதிரி சீட்டுகளாக இருந்தாலும், விற்பனைக் கணினிக்குள் அது பத்துப் பன்னிரண்டு விலைத் தட்டுகளாகப் பிரிந்து கிடக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் ஆங்கில எழுத்து: ஒய், பி, எம், எச், கே, கியூ என்று போகும். எந்த எழுத்து எந்தத் தட்டு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒய் மட்டும் பெரும்பாலும் முழு விலை எகானமி. அடித்தட்டில் ஆறு சீட் ஒதுக்கியிருந்து ஆறும் விற்றுப்போனால், ஏழாவதாக வருபவருக்கு அடுத்த தட்டின் விலைதான் தெரியும். பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர், ஒருவர் கொடுத்ததில் பாதியை மற்றவர் கொடுத்திருப்பது இப்படித்தான். அமெரிக்காவில் 1978-ல் விமானக் கட்டணத்தின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டை நீக்கிய பிறகு இந்த முறை வேகமாக வளர்ந்தது, இன்று உலகம் முழுக்க இதுதான் நடைமுறை.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்கைஸ்கேனர், கயாக் மாதிரி விலை ஒப்பிடும் தளங்கள் முதலில் காட்டும் எண், பல நேரம் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் யாரோ தேடியபோது சேமித்து வைத்தது. நீங்கள் உள்ளே போய் "வாங்கு" என்று அழுத்தும்போதுதான் உண்மையான விலையை நிறுவனத்திடம் கேட்கிறது. அங்கே எண் எகிறினால் நமக்காகவே ஏற்றிய மாதிரி தோன்றும். ரகசிய விண்டோவில் தேடுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை, பலனும் இல்லை. அந்த நேரத்தை வேறு விதமாகச் செலவழியுங்கள்: தேதியை ஒன்றாகப் போட்டுத் தேடாமல், முழு மாதத்தையும் காலண்டராகக் காட்டும் பக்கத்தைத் திறந்து வையுங்கள். கூகுள் ஃபிளைட்ஸ் இதை நன்றாகவே காட்டும். கிளம்பும் நாளை இரண்டு நாள் முன்னே பின்னே நகர்த்தினால் குறைவது, எந்த ரகசிய விண்டோவிலும் குறையாது. பிடித்த விலைக்கு ஓர் அலர்ட் போட்டுவிட்டுப் படிப்பைப் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு என்பதையும் நான்கைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். வாங்கும் கிழமைக்கு மதிப்பில்லை, இப்போது ஒரே நாளில் பல முறை விலைகள் மாறுகின்றன. பறக்கும் கிழமைக்குத்தான் மதிப்பு. வெள்ளி, ஞாயிறு கிளம்ப எல்லோரும் விரும்புவார்கள், வார நடுவில் கிளம்ப ஆள் குறைவு.

கேள்வி: எத்தனை மாதம் முன்னால் வாங்கினால் சரி? ஒரு வருடம் முன்பே வாங்கினால் ரொம்ப மலிவாக இருக்காதா?

பதில்: இருக்காது. பெரும்பாலான நிறுவனங்கள் பறக்கும் நாளுக்குச் சுமார் 330 முதல் 360 நாள் முன்னால் விற்பனையைத் திறக்கின்றன. திறந்ததும் வருவது பெரும்பாலும் சுமாரான விலைதான், அடித்தட்டுகளை அப்போதே திறந்துவிட அவர்களுக்கு அவசரமில்லை. நீண்ட தூரப் பயணத்துக்கு இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் கண்காணித்து வாங்குவது என் வழக்கம். பள்ளி விடுமுறை, ஆண்டு இறுதி மாதிரி எல்லோரும் ஒரே நேரத்தில் நகரும் நாட்களுக்கு மட்டும் இன்னும் முன்னால் போய்விடுங்கள், அந்த நாட்களில் காத்திருந்து லாபம் பார்த்தவரை நான் பார்த்ததில்லை.

கடைசி நேரத்தில் காலி சீட்டைத் தள்ளிவிடுவார்கள் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் டிக்கெட் வாங்குபவர் யார்? அவசர வேலையாகப் போகிறவர், அவருக்குக் கம்பெனி கட்டும். அவருக்காகத்தான் அந்த சீட்டை விலை ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து கிளம்பும் விமானங்களுக்கு ஒரு நல்ல விதி உண்டு. பயணத்துக்கு ஏழு நாளாவது இருக்கும்போது நிறுவனத்திடமே நேரடியாக வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்ய வழி தர வேண்டும், அல்லது அதே விலையைப் பணம் வாங்காமல் 24 மணி நேரம் பிடித்து வைக்க வழி தர வேண்டும். பல நிறுவனங்கள் முதல் வழியைத்தான் தருகின்றன. வாங்கிவிட்டு, வீட்டில் எல்லோரையும் கேட்டு, தேதியை உறுதி செய்துகொள்ள அந்த ஒரு நாள் போதும்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். ஒருவருக்குத் தேடினால் ஒரு விலை, நான்கு பேருக்குத் தேடினால் தலைக்கு அதைவிட அதிகம். இது எப்படி நியாயம்?

பதில்: இதற்கும் அதே தட்டுதான் காரணம். அடித்தட்டில் மூன்று சீட்தான் மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நான்கு சீட் கேட்கிறீர்கள். கணினி மூன்றை அங்கே எடுத்து ஒன்றை மேலே எடுக்காது. நான்கும் சேர்ந்து கிடைக்கும் தட்டுக்கு நால்வரையும் தூக்கிவிடும். மூன்று பேருக்கு வீணாக அதிகப் பணம்.

அதனால் குடும்பமாகத் தேடும்போது நான் செய்வது இது. முதலில் ஒருவருக்கு என்று போட்டு விலையைத் தாளில் எழுதிக்கொள்வேன். அப்புறம் இரண்டு, மூன்று, நான்கு என்று ஏற்றிக்கொண்டே போவேன். எந்த எண்ணில் தலைக்கு விலை தாவுகிறதோ, அதற்கு முந்தைய எண்ணோடு அடித்தட்டு முடிகிறது என்று அர்த்தம். மூன்றில் சமமாக இருந்து நான்கில் தாவினால், மூன்று பேரை ஒரு புக்கிங்காகவும் நான்காமவரைத் தனியாகவும் வாங்கிப் பார்க்கலாம். இதில் ஒரு கவனம் வேண்டும். விமானம் ரத்தானாலோ நேரம் மாறினாலோ இரண்டு புக்கிங்கையும் வேறு வேறு விமானத்தில் போட்டுவிட வாய்ப்பு உண்டு. நிறுவனத்துக்கு ஃபோன் செய்து "இந்த இரண்டு புக்கிங்கும் ஒரே குடும்பம், ஒன்றுக்கொன்று குறிப்பு போட்டு வையுங்கள்" என்று கேளுங்கள், போடுவார்கள். சிறு குழந்தையையும் துணை இல்லாமல் பயணிக்க முடியாத வயதானவரையும் தனி புக்கிங்கில் விடவே விடாதீர்கள், மிச்சமாகும் பணம் எவ்வளவாக இருந்தாலும் சரி.

குழந்தை என்றதும் இன்னொன்று. இரண்டு வயது நிரம்பாத குழந்தை மடியில் வந்தால் வழக்கமான நிறுவனங்கள் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வாங்குவது வழக்கம், வரி தனி. போகும்போது இரண்டு வயது ஆகாமல், திரும்பும் முன் பிறந்தநாள் வந்துவிட்டால் திரும்பும் பயணத்துக்கு சீட் வாங்கியே ஆக வேண்டும். தேதியை முடிவு செய்யும் முன்னாலேயே இதைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒரே நிறுவனத்தில் இணைப்பு விமானம் அதிக விலை. நடுவில் ஓர் ஊர் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறொரு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட் என்று வாங்கினால் நிறைய குறைகிறது. மூன்று மணி நேர இடைவெளி இருக்கிறது. வாங்கலாமா? – முதல் முறை வெளிநாடு போகும் வாசகி

பதில்: முதல் முறை என்றால் வேண்டாம் அம்மா. எல்லோரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இந்த முறை வந்த கஷ்டக் கதைகளில் நிறைய இதில்தான் முடிந்திருக்கின்றன.

முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டாலும் உங்களைக் கடைசி ஊரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. அடுத்த விமானத்தில் இடம் தருவார்கள். பெட்டியும் பொதுவாக நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும். இரண்டு தனி டிக்கெட் என்றால், இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள் முதல் விமானம் என்ற ஒன்றே தெரியாது. நீங்கள் கவுன்டருக்கு வரவில்லை, அவ்வளவுதான், டிக்கெட் போச்சு.

எனக்கே நடந்திருக்கிறது. உங்களைப் போலவே மூன்று மணி நேர இடைவெளி, நிறைய என்று நினைத்தேன். முதல் விமானம் ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம். இறங்கியதும் குடியேற்ற வரிசை. அதைத் தாண்டிப் பெட்டிக்காக பெல்ட் ஓரம் நின்றேன், என்னுடையது கடைசியாக வந்த நான்கைந்தில் ஒன்று. அங்கிருந்து மேல் மாடிக்கு ஓடி, அடுத்த நிறுவனத்தின் கவுன்டரைக் கண்டுபிடித்தபோது பெட்டி போகும் பட்டை நின்றுவிட்டது, அந்தப் பெண் கம்ப்யூட்டரை மூடிக்கொண்டிருந்தார். விமானம் இன்னும் தரையில்தான் நின்றது, ஐம்பது நிமிடம் இருந்தது. கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன் கவுன்டர் மூடப்படும் என்று டிக்கெட்டிலேயே எழுதியிருந்தது. அன்று அங்கேயே வாங்கிய புது டிக்கெட், நான் மிச்சம் பிடித்ததாக நினைத்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பக்கத்தில் ஒரு தம்பதி இதே நிலையில் நின்றார்கள், அவர்கள் கையில் அந்தப் பணம் இல்லை. அவர்கள் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

விசா இன்னும் பெரிய விஷயம். தனி டிக்கெட்டில் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டும், வெளியே வருவதென்றால் அந்த நாட்டுக்குள் நுழைகிறீர்கள், உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா வேண்டுமென்றால் அது கையில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் கிளம்பும் ஊரிலேயே உங்களை ஏற்ற மாட்டார்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் சில நாடுகளில் இது வரும். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் குடியேற்றச் சோதனையைத் தாண்டித்தான் ஆக வேண்டும், அதற்கான விசாவோ முன் அனுமதியோ வேண்டும். ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்), பிரிட்டன், கனடா ஆகியவை சில நாட்டுப் பாஸ்போர்ட்டுகளுக்கு விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து மாறுவதற்கும் டிரான்சிட் விசா கேட்கின்றன. மலிவாகத் தெரியும் வழி எந்த நாட்டின் மேல் போகிறது என்று பார்த்து, அந்த நாட்டின் அரசுத் தளத்தில் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்று படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

விமான நிலையத்தின் பெயரையும் பாருங்கள், ஊர் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். டோக்கியோவில் ஹனேடா ஊருக்குள்ளேயே இருக்கிறது, நரிதா நகர மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். இஸ்தான்புல்லில் ஒன்று ஐரோப்பியக் கரையில், சபிஹா கோக்சென் ஆசியக் கரையில். பாங்காக்கில் சுவர்ணபூமியும் டான் முவாங்கும் வேறு வேறு இடங்கள். லண்டனில் ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் என்று நீளும். ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறும்படி டிக்கெட் இருந்தால், இடைவெளியில் இருக்கும் மணி நேரம் சாலையில் போய்விடும்.

பழகியவர்கள் தனி டிக்கெட் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. நடுவில் ஓர் இரவு தங்கி அடுத்த நாள் கிளம்புகிற மாதிரி வைத்தால் பயம் பெருமளவு போய்விடும். தங்கும் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து, அப்போதும் மிச்சம் இருந்தால் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் நண்பர் ஒருவர் சொன்னார்: நான் போக வேண்டிய ஊர் நடுவில் வரும்படி, அதைத் தாண்டி இன்னொரு ஊருக்கு டிக்கெட் வாங்கினால் மலிவாம். நடுவிலேயே இறங்கிவிடலாமாம். சரியா?

பதில்: விலை விஷயத்தில் அவர் சொன்னது உண்மை. ஓர் ஊருக்கு நேராகப் போகும் விமானம் ஒரு நிறுவனத்திடம் மட்டும் இருந்தால் அங்கே போட்டி இல்லை, விலை அதிகம். அதைத் தாண்டிய ஊருக்குப் பல நிறுவனங்கள் வெவ்வேறு வழியாகப் போகின்றன, அங்கே போட்டி, விலை குறைவு. தூரத்துக்கும் விலைக்கும் பெரிய உறவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

இறங்கிப் போவது வேறு விஷயம். பெட்டியைக் கவுன்டரில் போட்டால் அது கடைசி ஊருக்குப் போய்விடும், கைப்பையோடு மட்டும்தான் முடியும். வழியில் கோளாறு வந்து வேறு ஊர் வழியாக மாற்றிவிட்டால் உங்கள் ஊர் வரவே வராது, கேட்கவும் முடியாது. போக, வர இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருந்து ஒரு பகுதியை விட்டுவிட்டால், அதற்கு அடுத்து இருக்கும் எல்லாப் பகுதிகளும் ரத்தாகிவிடும். இதை நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்த விதிகளில் தடை செய்திருக்கின்றன. இப்படிப்பட்ட வழிகளைத் தேடித் தரும் ஸ்கிப்லேக்ட் தளத்தின் மேல் 2014-ல் யுனைடெட் விமான நிறுவனம் வழக்குப் போட்டது. 2023-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போட்ட வழக்கில், அடுத்த ஆண்டு டெக்சாஸ் ஜூரி இழப்பீடு தரச் சொன்னது. பயணியின் மைல் கணக்கை, அதாவது அடிக்கடி பறப்பவருக்கு நிறுவனம் தரும் பரிசுப் புள்ளிக் கணக்கை, மூடிவிடுவதும் உண்டு. என் அறிவுரை, செய்யாதீர்கள்.

முதல் பகுதியை விட்டுவிட்டு நடுவில் ஏறலாமா என்று கேட்டவருக்கு: முடியவே முடியாது. முதல் விமானத்தில் நீங்கள் ஏறவில்லை என்றதும் மொத்த டிக்கெட்டும் போய்விடும்.

கேள்வி: ஒரு வழி டிக்கெட்டைவிட போக, வர டிக்கெட் குறைவாக இருக்கிறதே?

பதில்: நீண்ட தூரப் பாதைகளில், வழக்கமான நிறுவனங்களில் இப்படி உண்டு. பட்ஜெட் நிறுவனங்கள் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகத்தான் விலை வைக்கின்றன. இன்னொன்றையும் தேடிப் பாருங்கள்: போய் இறங்குவது ஓர் ஊர், திரும்பக் கிளம்புவது வேறோர் ஊர். தேடும் பக்கத்தில் "பல ஊர்கள்" என்று இருக்கும் இடத்தில் போட்டால், இரண்டு ஒரு வழி டிக்கெட்டாக இல்லாமல் போக, வர கணக்கிலேயே விலை வரும். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு இறங்கிய ஊருக்கே திரும்பி வரும் ரயில் செலவும் மிச்சம்.

கேள்வி: பெயர் கேள்விப்படாத ஒரு தளத்தில் விலை மிகக் குறைவு. பணம் கட்டிவிட்டேன், ஆறு எழுத்துகளில் ஒரு குறியீடு வந்திருக்கிறது. டிக்கெட் உறுதியா? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, அந்த ஆறு எழுத்து பி.என்.ஆர். உங்கள் பெயரில் இடம் பதிவாகியிருக்கிறது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். டிக்கெட் என்பது அதற்கு மேல் ஒரு படி. வழக்கமான நிறுவனங்களில் டிக்கெட் எண் 13 இலக்கம், முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தைச் சொல்லும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றால் 618, எமிரேட்ஸ் 176, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 125. உங்களுக்கு வந்த மின்னஞ்சலில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றே அந்தத் தளத்துக்கு எழுதிக் கேளுங்கள். அப்புறம் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய், "என் பயணம்" என்ற இடத்தில் பி.என்.ஆரையும் கடைசிப் பெயரையும் போடுங்கள். பயண விவரம் திறந்து, டிக்கெட் எண்ணும் தெரிந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். பட்ஜெட் நிறுவனங்கள் பலவற்றில் இந்த 13 இலக்க எண் இருக்காது, அங்கே புக்கிங் உறுதி என்று வந்து பணம் கட்டிய விவரம் தெரிந்தாலே போதும்.

என் சொந்தப் பழக்கத்தைக் கேட்டால், ஒப்பிடும் தளங்களில் தேடுவேன், வாங்குவதை நிறுவனத்திடமே செய்வேன். இடைத்தரகர் தளத்துக்கும் நிறுவனத்துக்கும் விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் யோசிக்கவே மாட்டேன். விமானம் ரத்தான இரவில், நிறுவனத்தின் கவுன்டரில் போய் நின்றால் "நீங்கள் அவர்களிடம் வாங்கியிருக்கிறீர்கள், அவர்களைக் கேளுங்கள்" என்பார்கள், அவர்கள் ஃபோனை எடுக்க மாட்டார்கள். நல்ல ஏஜென்ட்டுகள் நிறைய பேர் இருக்கிறார்கள், சிக்கலான பயணத்துக்கு அவர்களைப் போல உதவுபவர்கள் கிடையாது. ஃபோன் எடுக்கும் ஆள் யார் என்று தெரிந்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

பணம் கட்டும் பக்கத்தில் "உங்கள் நாட்டு நாணயத்திலேயே கட்டுகிறீர்களா" என்று ஒரு வசதி காட்டுவார்கள். வசதி மாதிரி தெரியும், மாற்று விகிதத்தில் எடுத்துக்கொள்வார்கள். டிக்கெட் எந்த நாணயத்தில் விலை போட்டிருக்கிறதோ அதிலேயே கட்டுவது பெரும்பாலும் குறைவு; உங்கள் கார்டு வெளிநாட்டுச் செலவுக்கு எவ்வளவு கட்டணம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: பட்ஜெட் விமானம் உண்மையிலேயே மலிவா?

பதில்: கையில் ஒரு சின்னப் பையோடு போகிறவருக்கு மலிவு. ஆசியாவின் பல பட்ஜெட் நிறுவனங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் அளவு, அதையும் வாசலில் நிறுத்தித் தராசில் வைக்கிறார்கள். பெட்டி எடையை டிக்கெட்டோடு சேர்த்து முன்கூட்டியே வாங்கினால் ஒரு விலை, விமான நிலையத்தில் வாங்கினால் பல மடங்கு. வீட்டிலேயே பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்துப் பாருங்கள். பெட்டி, சீட், சாப்பாடு எல்லாம் கூட்டிய பிறகு வழக்கமான நிறுவனத்தின் விலையோடு ஒப்பிடுங்கள். பல முறை வித்தியாசம் காணாமல் போயிருக்கும்.

கேள்வி: நெருங்கிய உறவினர் இறந்துவிட்டார் என்று திடீரென்று கிளம்ப வேண்டி வந்தது. வாயடைக்கிற விலை. அந்த நேரத்தில் வேறு வழி இருந்ததா?

பதில்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். சில நிறுவனங்கள், குறிப்பாக அமெரிக்கா, கனடா நிறுவனங்கள் சில, துக்கப் பயணத்துக்குத் தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. பெரும்பாலும் ஃபோனில்தான் கேட்க முடியும், கிளம்பும் முன்னாலேயே கேட்க வேண்டும். இதைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. ஏர் கனடாவின் தளத்தில் இருந்த சாட்பாட் (கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லும் கணினி நிரல்), பயணம் முடிந்த பிறகும் இந்தச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று பாட்டியை இழந்த ஒருவரிடம் தவறாகச் சொல்லிவிட்டது. அவர் அந்த உரையாடலைப் படமெடுத்து வைத்திருந்தார். சாட்பாட் சொன்னதற்கு நிறுவனமே பொறுப்பு என்று 2024-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் சொல்லி, பணம் தர உத்தரவிட்டது. எந்தச் சலுகையை யார் சொன்னாலும் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

துக்கக் கட்டணம் எப்போதும் மலிவாக இருக்காது, அடித்தட்டு டிக்கெட் அதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் தேதியை மாற்றும் வசதி அதில் இருக்கும், அந்த நேரத்தில் அதுதான் தேவை. மைல் சேர்த்து வைத்திருந்தால் இந்த மாதிரி கடைசி நேரத்துக்குத்தான் அது உதவும், பணத்தில் விலை எகிறியிருக்கும் நாளில் மைலில் சில சமயம் சீட் கிடைக்கும். வரியையும் ஒய்.கியூ என்று டிக்கெட்டில் வரும் கூடுதல் கட்டணத்தையும் அப்போதும் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும், சில நிறுவனங்களில் அதுவே பெரிய தொகை.

கேள்வி: தப்பான விலையில் டிக்கெட் வந்தால் அமுக்கிவிடலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் ஹோட்டல், விடுமுறை எதையும் உடனே முடிவு செய்யாதீர்கள். 2019 புத்தாண்டு அன்று கேத்தே பசிபிக் வியட்நாமிலிருந்து வட அமெரிக்காவுக்கு பிசினஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ் சீட்டுகளை எகானமி விலைக்குத் தவறாக விற்றுவிட்டு, வாங்கியவர்களை அப்படியே ஏற்றிச் சென்றது. எல்லோரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். பல நிறுவனங்கள் ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தருகின்றன. இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள், நிறுவனத்துக்கு ஃபோன் செய்து விசாரித்து நீங்களே அதைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: ரத்து செய்தால் பணம் வராது என்ற டிக்கெட்டை வாங்கிவிட்டேன், போக முடியவில்லை. ஒன்றுமே கிடைக்காதா?

பதில்: அடிப்படைக் கட்டணம் போனது போனதுதான். டிக்கெட் விலைக்குள் விமான நிலைய வரி, அரசு வரி என்று தனித்தனியாக இருக்கும், நீங்கள் பறக்கவில்லை என்றால் அவற்றில் பலவற்றைத் திருப்பிக் கேட்கலாம். சில நிறுவனங்கள் அதற்குச் சேவைக் கட்டணம் பிடிக்கும். கேட்காமல் விட்டால் யாரும் தாமாகத் தர மாட்டார்கள், அதனால் விமானம் கிளம்பும் முன்பே ரத்து செய்துவிட்டு எழுதிக் கேளுங்கள்.

விமானத்தை அவர்களே ரத்து செய்தால் கதை வேறு. மலிவு டிக்கெட் என்பதால் உரிமை குறையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதி, எண் 261, அங்கிருந்து கிளம்பும் எந்த நிறுவன விமானத்துக்கும், அங்கே வந்து இறங்கும் ஐரோப்பிய நிறுவன விமானங்களுக்கும் பொருந்தும். நிறுவனத்தின் கையில் இருந்த காரணத்தால் கடைசி நேரத்தில் ரத்து செய்தால், தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ என்று இழப்பீடு. டிக்கெட் விலையைவிட இழப்பீடு அதிகமாக வருவதும் உண்டு. வவுச்சரை நீட்டினால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள், பணமாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: நல்ல விலை இன்று இருக்கிறது. பாஸ்போர்ட் இன்னும் ஐந்து மாதத்தில் முடிகிறது, பயணம் நான்காவது மாதம். வாங்கட்டுமா, புதுப்பித்த பிறகு வாங்கட்டுமா?

பதில்: பல நாடுகள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடி கேட்கின்றன, ஷெங்கன் நாடுகள் அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் கேட்கின்றன. பழைய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இந்தப் பயணம் பெரும்பாலும் முடியாது, புதுப்பித்துத்தான் ஆக வேண்டும். டிக்கெட்டை மட்டும் இன்றே வாங்கலாம், பாஸ்போர்ட் எண்ணைப் பெரும்பாலான நிறுவனங்களில் பிறகு மாற்றிக்கொள்ள முடியும். பெயர்தான் மாறக்கூடாது. புதுப் பாஸ்போர்ட்டில் பெயரில் ஓர் எழுத்தையாவது திருத்தப் போகிறீர்கள் என்றால், அது கைக்கு வரும் வரை பொறுங்கள்.